கை எடுக்கும் நாள்

மரக்கிடங்குத் தெருவில் அவளுக்குச் செவ்வாயக்கா என்று பெயர். ரயில் பாதையைத் தாண்டிப் போனால் வியாழக்கா. எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை போகிறாளோ அந்தக் கிழமையையே அங்குள்ளவர்கள் பெயராக்கிவிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளத்தன்று மட்டும் தலைகாட்டும். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பெயரே கிடையாது. கூப்பிட ஆள் வேண்டுமே.

கணவர் லாரி ஆபீஸில் வேலை பார்த்தவர். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தார், எழுந்திருக்கவில்லை. பிள்ளை குட்டி இல்லை. காரியமெல்லாம் முடிந்தபின் அண்ணன் வந்து, "நம்ம வீட்டுக்கு வந்துடும்மா, உனக்குன்னு ஒரு ரூம் ஒழிச்சுத் தரேன்" என்றார். அண்ணி பின்னாலேயே நின்றுகொண்டு, "ஆமா, தையல் மெஷின் இருக்கிற ரூம்தான், மெஷினைக் கொஞ்சம் நகர்த்தினா போதும்" என்றாள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். வரவில்லை என்று சொல்லிவிட்டு ஒரு மாடியில் ஒற்றை அறை பிடித்தாள். படித்த படிப்புக்கு எங்கெங்கோ அலைந்து கடைசியில் இந்த வேலை கிடைத்தது.

வேலை இதுதான். ஒரு தெருவில் இருப்பதிலேயே ஒன்றுமில்லாத வீடு எதுவோ அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வீட்டுக்கு ஆடோ கோழியோ தள்ளுவண்டியோ, அவர்களால் எதை வைத்துப் பிழைக்க முடியுமோ அதை அவளுடைய அமைப்பு வாங்கித் தரும். வாங்கித் தருவது ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம், வாரம் தவறாமல் போய் உட்கார வேண்டும். ஆட்டுக்கு வயிறு உப்பினால் என்ன செய்வது, லாபத்தில் எதைத் தொடக்கூடாது, கடைக்காரன் ஏமாற்றினால் எப்படிக் கேட்பது என்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு வருஷம் முடிந்ததும் போகக்கூடாது. போனால் அவர்கள் நம் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது அமைப்பின் கணக்கு. சைக்கிள் கற்றுக்கொடுக்கிறவர் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடி ஒரு கட்டத்தில் விட்டுவிடுவதில்லையா, அது மாதிரி. ஆபீஸில் இதற்கு நிறைவு என்று பெயர். தெருத்தெருவாகப் போகிறவர்கள் தங்களுக்குள் 'கை எடுக்கிறது' என்பார்கள்.

செவ்வாயக்கா அப்படி எத்தனையோ வீட்டில் கை எடுத்திருக்கிறாள். வேலை நல்லபடியாக முடிந்தால் பரிசாக ஒரு தெரு கைவிட்டுப் போகும். அந்தத் தெரு வழியாகப் பஸ் போனால் எதிர்ப்பக்க ஜன்னலில் உட்காருவாள்.

கோழிக்காரி அவளுக்குக் கிடைத்த விதமே வேடிக்கை. மரக்கிடங்குத் தெருக்காரர்களை ஒன்றாக உட்காரவைத்து, தரையில் சாக்பீஸால் தெருவை வரையச் சொன்னாள் செவ்வாயக்கா. எந்தத் தெருவிலும் முதல் வேலை இதுதான். வீட்டுக்கு ஒரு கட்டம் போட்டு, வசதியான வீட்டில் நிறையக் கூழாங்கல்லும் இல்லாத வீட்டில் கொஞ்சமும் வைப்பார்கள். சண்டையும் சிரிப்புமாக வரைந்து முடித்தார்கள். "எல்லா வீடும் வந்தாச்சா?" என்று கேட்டதற்கு, வந்தாச்சு என்றார்கள். பிறகு அவள் படத்தைக் கையில் இருந்த தாளில் பார்த்து எழுதிக்கொண்டு, தெருவை ஒருமுறை நடந்து பார்த்தாள். பூட்டிக் கிடந்த மரக்கிடங்கின் பின்சுவரை ஒட்டி, தகரமும் கிழிந்த தார்ப்பாயுமாக ஒரு அறை. வாசலில் ஒருத்தி உட்கார்ந்து குப்பையிலிருந்து பொறுக்கி வந்த ஒயரை எரித்துச் செம்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் புகையில் சிவந்திருந்தன.

திரும்பி வந்து, "அந்த வீட்டை ஏன் போடல?" என்று கேட்டாள் செவ்வாயக்கா.

தெருக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பஞ்சர் கடைக்காரர்தான் தலையைச் சொறிந்தபடி, "அது வீடுன்னு தோணலையே மேடம்" என்றார்.

படத்தில் இல்லாத அந்த வீட்டுக்குத்தான் கோழி வந்தது.

முதல் சில மாதம் கோழிக்காரி வாய் திறக்கவில்லை. புருஷன் விட்டுவிட்டுப் போனதும், மகள் வேறு ஊரில் வேலைக்குப் போய் அங்கேயே ஒருவனைக் கட்டிக்கொண்டு போன் நம்பரை மாற்றியதும் வெகு நாள் கழித்து, வேறு எதையோ பேசும்போது, தும்மல் மாதிரி வெளியே வந்தன. கோழியிடம் மட்டும் நன்றாகப் பேசுவாள். "தின்னுட்டு முட்டை போடாம ஊர் சுத்துறியா? இரு, உனக்கு இருக்கு." செவ்வாயக்கா கூட்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, எந்தக் கோழி அடைக்கு உட்காரப் பார்க்கிறது, எதற்கு எச்சம் வெள்ளையாகப் போகிறது என்று காட்டிக்கொடுப்பாள். கழிச்சல் நோய்க்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, விட்ட கோழியின் காலில் சிவப்பு பிளாஸ்டிக் வளையம் மாட்டுவார்கள். ஒருத்தி பிடிக்க, ஒருத்தி மாட்ட. கோழி இருவர் முகத்திலும் இறக்கையால் அடிக்கும். அப்படி ஒரு நாள்தான் கோழிக்காரி முதன்முதலாகச் சிரித்தாள். பல் இவ்வளவு வரிசையாக இருக்கும் என்று செவ்வாயக்கா நினைக்கவில்லை.

இரண்டாம் வருஷம் கூடு நிறைந்தது. தார்ப்பாய் போய் நல்ல கூரை வந்தது. முட்டையைத் தட்டில் அடுக்கி அவளே பேக்கரிக்குக் கொண்டுபோனாள். ஒயர் எரிப்பதை விட்டுவிட்டாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு டம்ளரில் டீ காத்திருக்கும். வேலைப் பேச்சு சீக்கிரமே தீர்ந்துவிடும். பிறகு பேச ஒன்றுமில்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சும்மா உட்கார்ந்திருப்பதற்காகவே செவ்வாயக்கா மற்ற தெருக்களில் வேலையைக் கொஞ்சம் விரட்டி முடிப்பாள்.

கை எடுக்கும் நாள் நெருங்க நெருங்க, கோழி குறைய ஆரம்பித்தது.

"பூனைக்கா. ராத்திரி வந்து தூக்கிட்டுப் போயிடுச்சு" என்றாள் கோழிக்காரி ஒரு வாரம். அடுத்த வாரம் நோய் என்றாள். அதற்கடுத்த வாரம் மறுபடி பூனை. கூட்டில் பாதிக்கு மேல் காலி. கம்பியில் ஓட்டை இல்லை, தரையில் இறகு இல்லை. செவ்வாயக்கா குனிந்து தேடினாள். "எங்க புதைச்ச?" என்று கேட்டதற்கு, "கிடங்குக்கு அந்தாண்ட" என்று கையை எங்கோ வீசிக் காட்டினாள்.

ஆபீஸில் மேற்பார்வையாளர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "அந்த அம்மா நிக்கலைன்னா நிக்கலைன்னு சொல்லிடுங்க. இன்னொரு அரை வருஷம் நீங்க போயிட்டு வரலாம். அதுக்கு இடம் இருக்கு. பூசி மெழுக வேணாம். இதுல உங்க வார்த்தைதான்."

"பார்த்துட்டு சொல்றேன் சார்" என்றாள்.

அன்று பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது கால் தரையில் படவில்லை. கடையில் நின்று தனக்கென்று ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட் வாங்கினாள். வாங்கி எவ்வளவோ காலமாகியிருந்தது. படியேறி அறைக்கு வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து பாக்கெட்டைப் பிரித்து, முதல் பிஸ்கட்டைக் கடித்தபோதுதான் எதற்கு இந்தக் கொண்டாட்டம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஒருத்தியின் பிழைப்பு கண்ணெதிரே கரைந்துகொண்டிருக்கிறது. தனக்கு இனிக்கிறது. வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் மனம் வரவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை தெருமுனையில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். சுற்றிக்கொண்டு பின்சந்து வழியாக வந்தாள். பஞ்சர் கடையின் பின்பக்கம் வேலி போட்டு, தேய்ந்த டயர்களைக் குவித்து வைத்திருந்தார்கள். அவள் கடந்து போகும்போது டயர்களுக்கு நடுவிலிருந்து ஒரு சலசலப்பு. ஒரு கோழி எட்டிப் பார்த்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு ஒரு கூட்டமே கழுத்தை நீட்டிக்கொண்டு வேலிக்கு ஓடி வந்து நின்றது. அவள் கையில் எப்போதும் உடைத்த சோளம் இருக்கும் என்று பழகிய கோழிகள். எல்லாவற்றின் காலிலும் சிவப்பு வளையம்.

பஞ்சர் கடைக்காரர் கையைத் துணியில் துடைத்தபடி வெளியே வந்தார். அவளைப் பார்த்ததும் அப்படியே உள்ளே போகப் பார்த்தார்.

"நில்லுங்க. இது யார் கோழி?"

"மேடம், என்மேல தப்பில்ல. தங்கச்சி கேட்டுச்சு, இடம் கொடுத்தேன்."

"எவ்வளவு நாளா இங்க இருக்கு?"

"இருக்கு எங்க? செவ்வாய்க்கிழமை காலையில ஓட்டிட்டு வரும், நீங்க பஸ் ஏறினதும் ஓட்டிட்டுப் போயிடும். எனக்கு வேலையே ஓடல மேடம். டயருக்குள்ள முட்டை போட்டு வைக்குது. போன வாரம் ஒருத்தன் சைக்கிளுக்குக் காத்தடிக்க வந்துட்டு முட்டை வாங்கிட்டுப் போறான்." குரலைத் தாழ்த்தி, "ஏன் ஒளிச்சு வைக்குதுன்னு கேட்டேன். உங்களுக்குக் கோழின்னா பயம்னு சொல்லுச்சு" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கோழிக்காரி வீட்டுப் பக்கம் நடந்தாள்.

வாசலில் டீ ஆறிக்கொண்டிருந்தது. கோழிக்காரி காலிக் கூட்டைப் பெருக்குவது போல நின்றாள். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "நேத்தும் ரெண்டு போச்சுக்கா" என்றாள். "கறுப்புப் பூனை. என் கையாலதான் விரட்டினேன். என்ன பண்றது, என் தலையெழுத்து."

"அந்தப் பூனைக்கு டயர் கடையில என்னடி வேலை?"

துடைப்பம் நின்றது. கோழிக்காரி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். அது சரிந்து விழுந்தது. எடுத்து மறுபடி சாய்த்தாள்.

"சந்து வழியாவா வந்தீங்க" என்றாள்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"என்ன சொல்லணும்? கூடு நிறைஞ்சிருந்தா நீங்க வரமாட்டீங்க. அதானே உங்க சட்டம்? ஆடு வாங்கின அந்த வீட்டுக்கு நீங்க இப்பப் போறீங்களா? நீங்க பஸ் ஸ்டாப்புல இருந்து வர்ற வழியிலதான், அடுத்த தெருவுல இருக்கு. அவ வாசல்ல நிக்கிறா, நீங்க தலையைக் குனிஞ்சிட்டுத் தாண்டி வர்றீங்க. நான் பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

செவ்வாயக்காவுக்குச் சுருக்கென்றது.

"நீ நல்லா நிக்கிறேன்னுதான்டி நான் வரக்கூடாது. உன் நல்லதுக்கு."

"நல்லாத்தான் நிக்கிறேன். யார் இல்லேன்னா? கோழி, தீவனம், பேக்கரி எல்லாம் நான் பார்த்துக்குவேன்." கோழிக்காரி கூட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "வாரத்துல ஒரு நாள் ஒருத்தங்க வந்து கதவைத் தட்டி, 'இருக்கியா'ன்னு கேக்குறாங்க. மத்த நாள்ல நான் இருக்கேனா செத்தேனான்னு கோழிக்குத்தான் தெரியும். தீவனம் போடலேன்னா அதுங்க கத்தும். அவ்வளவுதான்."

இதற்குச் செவ்வாயக்காவுக்கு ஆபீஸில் சொல்லிக்கொடுத்த பதில் இருக்கிறது. பக்கத்து வீட்டாரோடு பழகு, பெண்கள் குழுவில் சேர். நாக்கு நுனியில் அவையெல்லாம் வரிசையாக வந்து நின்றன. சொன்னால் தனக்கே பொய்யாகக் கேட்கும். தான் எந்தக் குழுவில் சேர்ந்தாள்? கீழ்வீட்டுக்காரியின் பெயர் என்ன?

வாசலில் உட்கார்ந்தாள். ஆறிப்போன டீயை ஒரு வாய் குடித்தாள்.

"போன வாரம் உன் கூடு காலியா இருந்துச்சு பாரு, அதைப் பார்த்துட்டுப் போய் நான் பிஸ்கட் வாங்கித் தின்னேன்" என்றாள்.

"எதுக்கு?"

"இன்னும் அரை வருஷம் வரலாமேன்னு."

கோழிக்காரி அவளையே பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்ப ரெண்டு பேருமே திருடிங்கதான்" என்றாள்.

"ஆமா."

"எனக்குக் கொடுக்காம பிஸ்கட் தின்ன திருடி."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் கோழிக்காரி அவள் முழங்கையைத் தொட்டாள். "அப்படியே எழுதிடுங்களேன் அக்கா. நான் நிக்கலேன்னு. யாருக்கு என்ன நஷ்டம்? பஞ்சர் கடை அண்ணன் வாயைத் திறக்க மாட்டாரு. அரை வருஷம். அப்புறம் பார்த்துக்கலாம்."

செவ்வாயக்கா உடனே மறுக்கவில்லை. அதை மறைத்துப் பயனில்லை, நன்றாகவே யோசித்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். கிழமை கையில் இருக்கும். இந்த வாசல், இந்த டீ. மேற்பார்வையாளர் வந்து கோழியை எண்ணப்போவதில்லை.

"பேக்கரிக்காரன் என்ன சொல்றான்?" என்று கேட்டாள், யோசிக்க நேரம் வேண்டி.

"அவனா? தினமும் ரெட்டிப்பா வேணும்னான். அவன் மச்சான் புதுசா ஒரு கடை போடுறானாம், அதுக்கும் சேர்த்து. முடியாதுன்னுட்டேன்."

"முடியாதுன்னுட்டியா?"

"பின்ன? ரெட்டிப்பா முட்டை கொடுத்தா ரெட்டிப்பாக் கோழி வேணும். அவ்வளவு கோழியை டயருக்குள்ள ஒளிக்க முடியுமா? இந்த வாரம் பதில் சொல்லலேன்னா வேற ஆளைப் பார்த்துக்கிறேன்னான். பார்த்துக்கோன்னுட்டேன்."

செவ்வாயக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். இந்த ஒரு வார்த்தையில் யோசனையெல்லாம் நின்றுவிட்டது. ஒயர்ப் புகையில் சிவந்திருந்த அந்தக் கண்கள் ஞாபகம் வந்தன. இவள் தன்னைச் சின்னவளாக்கிக்கொண்டே போகிறாள், செவ்வாயக்கா உள்ளே வந்து உட்கார இடம் வேண்டும் என்பதற்காக.

"யாரைக் கேட்டுடி அப்படிச் சொன்ன?"

"யாரைக் கேக்கணும்?"

"எழுந்திரு. கூடையை எடு."

"எதுக்கு அக்கா?"

"கோழியைக் கொண்டு வருவோம். அப்புறம் நீ பேக்கரிக்குப் போய்ப் பேசு. நான் வரமாட்டேன். நீயே பேசு."

கோழிக்காரி எழுந்திருக்கவில்லை. தரையில் விரலால் எதையோ கோடு போட்டுக்கொண்டிருந்தாள். "போயிட்டு வந்து பார்த்தா நீங்க இருப்பீங்களா?" என்றாள்.

"கூட்டை அடைக்கிற வரைக்கும் இருக்கேன்."

"அதுக்கப்புறம்?"

செவ்வாயக்கா கூடையைத் தானே எடுத்தாள்.

பின்சந்துக்கும் கூட்டுக்குமாக எத்தனையோ நடை நடந்தார்கள். கோழிகள் பிடிபடாமல் டயர்க் குவியலின் மேல் ஏறின. பஞ்சர் கடைக்காரர், "ஏன் மேடம், பயம் தெளிஞ்சிடுச்சா?" என்று கேட்டுவிட்டு, கோழிக்காரி முறைத்ததும் ஒரு டியூபை எடுத்துத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேட ஆரம்பித்தார். குழாய்ப் பள்ளம் தோண்டிய ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன் ஓடிப்போன ஒரு சேவலைப் பிடித்துக் கொடுத்து, கையை உதறிக்கொண்டே, "கொத்துதும்மா" என்றான்.

கூடு நிறைந்தது. கோழிக்காரி முகம் கழுவி, செருப்பு மாட்டி, பேக்கரிக்குப் போனாள். செவ்வாயக்கா வாசலில் தனியாக உட்கார்ந்து கோழிகள் கொத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனவள் வேகமாகத் திரும்பி வந்தாள்.

"ஒத்துக்கிட்டான். முன்பணம் கேட்டேன். முதல்ல மூஞ்சைத் தூக்கினான், அப்புறம் கொடுத்தான்."

"முன்பணம் கேக்கச் சொல்லி நான் சொல்லிக்கொடுக்கலையே."

"நீங்க எல்லாத்தையுமா சொல்லிக்கொடுத்தீங்க?"

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குச்சியில் ஏறி ஒண்டிக்கொண்டன. கோழிக்காரி கூட்டுக் கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டாள். கைப்பை செவ்வாயக்காவின் மடியில் இருந்தது. எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியைக் கொஞ்சம் உயரமாக வை என்றாள். சரி என்றாள் அவள். மழைக்கு முன்னால் அந்த மூலையை அடைத்துவிடு என்றாள். சரி. சோளம் வாங்கும்போது மோந்து பார்த்து வாங்கு. தெரியும் அக்கா.

கைப்பையைத் தோளில் மாட்டினாள், மறுபடி எடுத்து மடியில் வைத்தாள்.

"கிளம்புங்க அக்கா" என்றாள் கோழிக்காரி, கூட்டைப் பார்த்தபடியே. "எனக்கு வேலை இருக்கு. நாளைக்கு அந்த முன்பணத்துல இன்னும் கோழி வாங்கணும், இனி எல்லாம் ரெட்டிப்பு. நீங்க உட்கார்ந்திருந்தா கை ஓடாது."

செவ்வாயக்கா எழுந்து, உடையில் ஒட்டியிருந்த இறகுகளைத் தட்டிவிட்டாள். தோளைத் தொடலாமா என்று நினைத்தாள். தொட்டால் இரண்டு பேரும் கெட்டோம் என்று தோன்றியது. பள்ளத்தின் மேல் போட்டிருந்த பலகையில் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து, பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். மறுநாள் ஆபீஸில், "நிக்கிறாங்க சார்" என்றாள். "பூனைத் தொல்லை?" என்று அவர் கேட்டார். "தீர்ந்துடுச்சு" என்றாள்.

பிறகு வேறு தெருக்கள் வந்தன. செவ்வாய்க்கிழமைக்கு ஆற்றங்கரைப் பக்கம் ஒரு சந்தைக் கொடுத்தார்கள். அங்கேயும் சாக்பீஸ், கூழாங்கல், சண்டை, சிரிப்பு. முழங்கால் வலி வந்து, படி ஏற நேரமாகத் தொடங்கியது. அண்ணன் இறந்தார். அண்ணி தையல் மெஷினை விற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டாள்.

ஒருநாள் சாயங்காலம், பஸ் கடைத்தெருவில் நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்றது. தீவனக் கடை வாசலில் ஒருத்தி கடைக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். முதலில் முதுகுதான் தெரிந்தது. ஒரு மூட்டையைப் பிரித்து, கைநிறைய சோளத்தை அள்ளி, மோந்து பார்த்து, அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவன் ஏதோ சமாதானம் சொன்னான். அவள் தலையை ஆட்டி மறுத்து, சோளத்தை மூட்டையிலேயே கொட்டிவிட்டு, பக்கத்துக் கடையைக் கைகாட்டினாள். அவளோடு ஒரு சின்ன வண்டி நின்றது, அதில் ஏற்கெனவே மூன்று நான்கு மூட்டைகள் இருந்தன. உடம்பு பூசியிருந்தது. கடைக்காரன் இறங்கிவந்து வேறு மூட்டையைத் தோளில் தூக்கியபோது சிரித்தாள். அதே வரிசைப் பல்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள் செவ்வாயக்கா. ஒரு சத்தம் கொடுத்தால் கேட்கும் தூரம்தான். வாயைத் திறப்பதற்குள் அவள் வண்டிக்காரனை அதட்டிக்கொண்டு, கயிற்றை இழுத்துக் கட்டத் தொடங்கிவிட்டாள். பஸ் நகர்ந்தது.

வழியெல்லாம் அதே ஞாபகம். பக்கத்து சீட்டில் இருந்தவர் தூங்கிக்கொண்டு வந்தார். மாடிப்படியை நின்று நின்று ஏறினாள். அறையைத் திறந்து விளக்கைப் போட்டு, கைப்பையைக் கொக்கியில் மாட்டினாள். அடுப்பில் தண்ணீர் வைத்தாள். மூக்குக்கு நேரே சோளத்தை நீட்டினாளே, அந்த நீட்டலை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கதவைத் திறந்துகொண்டு படிக்கட்டின் தலைப்பில் போய் நின்றாள். கீழ்வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ சிரித்தார்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கூப்பிடலாமென்றால் கீழ்வீட்டுக்காரியின் பெயர் இன்னும் தெரியாது. பிறகு தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டு உள்ளே வந்தாள்.